உடைமரத்து மூலைக்கு வந்த கல்

அன்று சேகர அலுவலகத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர். குருவானவர், செயலாளர் ஆசீர்வாதம் அண்ணாச்சி, கமிட்டி உறுப்பினர்கள் இரண்டு பேர், நான். பொருளாளர் வரவில்லை, வாசுதேவநல்லூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். ஞானப்பூவும் வரவில்லை, அவளை யாரும் கூப்பிடவில்லை. அவளுடைய புருஷன் கிடக்கும் மண்ணைப் பற்றித்தான் அன்று பேசுகிறோம் என்பது அந்த அறையில் ஒருவருக்கு மட்டும் தெரியும். அது நான் இல்லை.

சேகர அலுவலகங்களில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பிமாருக்காக இதை எழுதுகிறேன். எனக்கும் ஒன்றும் வயதாகிவிடவில்லை. எழுபதுகளின் கடைசியில் சங்கரன்கோவில் வட்டாரத்துச் சேகரம் ஒன்றில் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். இப்போது அரசாங்க வேலை கிடைத்துப் போகிறேன். போகிறவன் சொல்லிவிட்டுப் போக வேண்டியது என்று சில இருக்கின்றன. பல கிராமத்துச் சபைகள் சேர்ந்தது ஒரு சேகரம். அத்தனை சபைகளின் ஞானஸ்நானம், விவாகம், அடக்கம் மூன்றுக்கும் பதிவேடுகள் நம் கையில்தான் இருக்கும். அவற்றை எப்படி எழுதுவது, சான்று நகல் எப்படி எடுப்பது, முத்திரையை எங்கே குத்துவது, இதெல்லாம் ஒரு மாதத்தில் உங்களுக்கே பழகிவிடும். அதைப் பற்றி நான் சொல்லப்போவதில்லை. புத்தகத்தை மூடி வைத்துவிட்டு யோசிக்க வேண்டி வந்த ஒரு சமயத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

இங்கிலாந்திலிருந்து ஒரு கடிதம் வந்திருந்தது. எழுதியவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். அவருடைய ஊர் கடலோரத்தில் ஒரு சின்ன மீன்பிடிக் கிராமம். அந்த ஊர்க் கிறிஸ்தவக் கோவிலின் பழைய பதிவேடுகளை எல்லாம் படித்து, ஒவ்வொரு குடும்பத்துக்கும் கொடிவழி எழுதிக்கொண்டு வருகிறாராம். யார் யாருக்குப் பிறந்தார், யாரைக் கட்டினார், எங்கே அடக்கமானார் என்பதுதான் அவருடைய வேலை. அந்த ஊரிலிருந்து வெகுகாலத்துக்கு முன்னால் ஒரு இளைஞர் மிஷனரியாகப் பள்ளிக்கூடம் நடத்த நம் பக்கம் வந்திருக்கிறார். அவருடைய ஞானஸ்நானம் அவர்கள் புத்தகத்தில் இருக்கிறது. விவாகம் இல்லை. அடக்கம் இல்லை. அந்த வரி காலியாக நிற்கிறது. இந்தியாவுக்கு வருகிறோம், கல்லறையைக் காட்ட முடியுமா என்று அவரும் மனைவியும் கேட்டிருந்தார்கள். உங்கள் சபைக்கு எங்களால் ஆனதைச் செய்ய விருப்பம் என்று கடைசியில் ஒரு வரி. ஆசீர்வாதம் அண்ணாச்சி அந்தக் கடைசி வரியை என்னை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார்.

எங்கள் பழைய அடக்கப் பதிவேட்டில் அந்த இளைஞரின் பெயரை எளிதாகவே கண்டுபிடித்தேன். திருவேங்கடம் போகிற வழியில் உள்ள ஒரு கரிசல்காட்டுக் கிராமத்துச் சபையில் அடக்கம். அந்தப் பதிவேட்டின் கட்டங்கள் சீமையிலேயே அச்சடித்து வந்தவை. பெயர், ஊர், வயது, தேதி, அடக்கம் செய்து வைத்தவர் என்று கட்டங்கள் உண்டு. இடத்துக்குக் கட்டம் கிடையாது. அவர்கள் ஊரில் கல் நிற்கும், போய்ப் பார்த்துக்கொள்ளலாம். நம் ஊரில் மண்மேடுதான். அதுவும் கரிசல் மண். கோடையில் ஆள் கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும், மழையில் உப்பிக்கொண்டு எழும். நாலைந்து வருஷம் யாரும் மண் அணைக்காமல் விட்டால் மேடு இருந்த இடம் தெரியாது. கல் வைத்தாலும் அஸ்திவாரம் இல்லாவிட்டால் சாய்ந்து உள்ளே போய்விடும்.

இதைத்தான் அன்று கமிட்டியில் சொன்னேன்.

“புத்தகத்துல பேரு இருக்குல்லா?” என்று கேட்டார் ஆசீர்வாதம் அண்ணாச்சி.

“இருக்கு அண்ணாச்சி. பேரு, வயசு, தேதி எல்லாம் இருக்கு. எடம் இல்ல.”

“எடம் இல்லாம எப்படிவே? ஆகாசத்துலயா அடக்கம் பண்ணுனாவ?”

உறுப்பினர்கள் இருவரும் சிரித்தார்கள்.

“அந்தச் சபைக் கல்லறைத் தோட்டத்துலன்னு தெரியுது. தோட்டத்துல எங்கனன்னு தெரியாது.”

“வடகிழக்கு மூலையில உடைமரத்தடியில தனியா ஒரு மேடு கெடக்கு, சுத்திலும் கல்லு பதிச்சு. பாத்திருக்கேரா? நல்ல நீளம். வெள்ளைக்காரன் நெட்டையனாத்தான இருந்திருப்பான்? அதுதான் அவரு.”

“அது வேற யாரோடதாவது இருந்தா?”

“புத்தகத்துல அந்த மேட்டப் பத்தி இருக்கா?”

“ஒண்ணுமே இல்ல.”

“பொறவு என்ன? அவரு அங்கன இல்லைன்னும் இல்லியே.”

குருவானவர் அந்தச் சேகரத்துக்கு மாற்றலாகி வந்து அதிக நாள் ஆகவில்லை. “நிச்சயமாத் தெரியாம ஒரு கல்லை வைக்கலாமா செயலாளரே?” என்று மட்டும் கேட்டார்.

“ஐயா, அந்த மனுசன் இவ்வளவு கடல் தாண்டி வாராரு. தெரியாது, போயிட்டு வாங்கன்னு சொல்லச் சொல்லுதியளா? அவரு வந்து நின்னு ஒரு ஜெபம் பண்ணிட்டுப் போகட்டும். கோவில் ஓடு ஒழுகுது, மழ பேஞ்சா பாட்டுப் பொஸ்தகத்த எல்லாம் மடியில கட்டிக்கிட்டுல்லா ஆராதன நடக்கு. அவிய மனசு குளுந்தா யாருக்கு நல்லது?”

முள் உடைமரம் நிற்கும் அந்த மூலையில் ஒரு கல் வைப்பதென்று முடிவாயிற்று. ‘பதிவேட்டின்படி இவருடைய கல்லறை இதுவே’ என்று நான் ஒரு சான்று தட்டச்சு செய்து கையெழுத்துப் போட வேண்டும்; குருவானவர் மேலொப்பம் இடுவார். நான் மாட்டேன் என்று சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. “புத்தகத்த ஒருக்கா முழுசாப் பாத்துட்டு எழுதுதேன்” என்றேன்.

அதை ஒரு தந்திரமாக உங்களுக்குச் சொல்லித் தரவில்லை. எனக்கு அப்போது வேறு எதுவும் வாயில் வரவில்லை, அவ்வளவுதான். ஆனால் அவகாசம் கேட்டது நல்லதாகப் போயிற்று. நம்மை அவசரப்படுத்துகிறவரிடம் எதிர்த்துப் பேசத் தைரியம் வராதபோதுகூட, பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று சொல்ல முடியும். சொன்னபிறகு போய்ப் பார்க்க வேண்டும்.

மறுநாள் திருவேங்கடம் பஸ்ஸில் ஏறிப் போனேன். கல்லறைத் தோட்டத்தில் உடைமரத்து மூலைக்குப் போய்ப் பார்த்தால், மேட்டைச் சுற்றிப் பதித்திருந்த கற்களுக்குச் சுண்ணாம்பு அடித்திருந்தது. அடித்து ஆறேழு மாதம் இருக்கலாம். வெடிப்புகளில் புதுமண் போட்டு மிதித்திருந்தது. தலைமாட்டில் காய்ந்த செவ்வந்தி. நூறு வருஷத்துக்கு முன்னால் செத்துப்போன வெள்ளைக்காரருக்கு யாரும் செவ்வந்தி கொண்டுவந்து வைக்க மாட்டார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மாளிடம் கேட்டேன்.

“அதா? அது ஞானப்பூ புருசன்லா” என்றாள். “கெணறு வெட்டப்போயி செத்தானே, அவன்.”

ஞானப்பூ வீட்டு வாசலில் தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள். நாற்பது வயதிருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் கோவிலில் கடைசி வரிசையில் பார்த்திருக்கிறேன்.

“யாரு, குமாஸ்தா தம்பியா? வாங்க. என்ன, பய ஞானஸ்நானச் சீட்டுல தப்பு கிப்பு இருக்கா?”

வந்த காரியத்தைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே ஒட்டினாள். கை நிற்கவில்லை.

அவள் சொன்னது இது. புருஷன் சபைக் குடும்பத்துப் பையன். அவள் பக்கத்து ஊரில் விவசாயம் பார்க்கிற சம்சாரி வீட்டுப் பெண், இந்து. அவளுடைய வீட்டாரின் அம்மன் கோவிலில் வைத்துத் தாலி கட்டினான். அதற்காகச் சபை அவனை விலக்கி வைத்தது. விலக்கு நீங்குவதற்கு முன்பே கிணறு சரிந்து செத்துப்போனான். சபை விலக்கில் செத்தவனுக்கு அன்றிருந்த குருவானவர் அடக்க ஆராதனை நடத்த வரவில்லை. அவர் வராததால் பதிவேட்டில் வரியும் இல்லை. அந்தக் காலத்து வழக்கம் அதுதான். அப்படிப்பட்டவர்களை வரிசையில் வைக்காமல், எங்காவது ஓரத்தில், மணி அடிக்காமல், நாலு பேர் தூக்கிப்போய் வைத்துவிட்டு வருவார்கள்.

“ஒடமரத்து மூலையில வைங்கன்னு எடத்தக் காட்டினது யாரு தெரியுமா?” என்றாள். “ஆசீர்வாதம் அண்ணாச்சிதான். அப்பவும் அவியதான் செயலாளர். சத்தங்காட்டாம வச்சுட்டுப் போங்கன்னாவ. நானும் சத்தங்காட்டலியே.”

அதற்குப் பிறகு மகனோடு அவளும் ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டாள். மாடத்தியாக இருந்தவள் ஞானப்பூ ஆனாள். எங்கள் பதிவேட்டில் அந்த வரி சுத்தமாக இருக்கிறது. ஏன் எடுத்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. அவளாகவே சொன்னாள்.

“சபையில சேந்தாத்தான அந்தத் தோட்டத்துல எடம் குடுப்பாவ? அவருக்குப் பக்கத்துல கெடக்கணும்னுதான் சேந்தேன். இப்பம் என்னன்னா அவருக்கே எடம் இல்லாம ஆக்குதிய. நாளைக்கு நான் போயி யாரு பக்கத்துல படுக்க? வெள்ளைக்காரன் பக்கத்துலயா?”

அவள் சிரிக்காமல்தான் சொன்னாள். எனக்கும் சிரிப்பு வரவில்லை.

கிளம்பும்போது கேட்டாள்: “ஒரே ஒரு வரி தம்பி. அவரு செத்த வருசத்துப் பக்கத்துல, கீழ எங்கயாவது எடம் கெடக்கும்லா. அதுல அவரு பேர எழுதி, ஒடமரத்து மூலைன்னு போட்டுரு. ஒனக்கு என்ன கொறஞ்சு போகும்?”

“எழுதக்கூடாதுக்கா.”

“பொய்யவா எழுதச் சொல்லுதேன்?”

“நெசம்தான். ஆனா இன்னைக்கு ஒக்காந்து அன்னைக்குத் தேதியில எழுத முடியாது.”

“நல்லா இருக்கு நாயம். ஆசீர்வாதம் அண்ணாச்சி பொய்ய எழுதச் சொன்னா ஒனக்கு யோசன. நான் நெசத்த எழுதச் சொன்னா ஒனக்குச் சட்டம். போயிட்டு வாங்க தம்பி.”

வந்த பஸ்ஸிலேயே திரும்பினேன்.

தம்பிமாரே, இந்த வேலையில் உங்களிடம் அதிகம் பேர் கேட்கப்போவது ஒரே ஒரு வரிதான். பையனைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வயதில் ஒரு மாற்றம். சொத்துப் பிரிக்க அப்பன் பெயரில் ஒரு திருத்தம். எல்லாருக்கும் அது ஒரு வரி. கேட்கிறவர்களில் பாதிப் பேர் நல்லவர்களாகவும், அவர்கள் சொல்வது நிஜமாகவும் இருக்கும். அங்கேதான் கஷ்டம். என் அப்பா பருத்திக்காட்டில் கூலி வேலை பார்த்தவர். அவர் எந்த வருஷம் பிறந்தார் என்பதற்கு உலகத்தில் இருக்கும் ஒரே சாட்சி அந்த ஞானஸ்நானப் பதிவேட்டில் இருக்கும் வரி. அதே அலமாரியில் இருக்கும் இன்னொரு புத்தகத்தில் ஒரு வரி, அது எவ்வளவு நிஜமானதாக இருந்தாலும், பின்னால் நுழைக்கப்பட்டது என்று தெரிந்துவிட்டால், என் அப்பாவின் வரியை எவன் நம்புவான்? ஞானப்பூவிடம் இதைச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தாலும் அவளுக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

விருந்தாளிகள் ஞாயிற்றுக்கிழமை வருவதாக இருந்தது. சனிக்கிழமை காலையில் ஆசீர்வாதம் அண்ணாச்சி அலுவலகத்துக்கு வந்தார்.

“சீட்டு எழுதியாச்சா?”

“இல்ல அண்ணாச்சி. அங்கன இருக்கது ஞானப்பூ புருசன்னு சொல்லுதாவ.”

அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. “யாரு சொல்லுதா?”

“ஞானப்பூதான்.”

“புத்தகத்துல இருக்கா?”

“இல்ல.”

“பொறவு புத்தகத்த வச்சு வேல பாக்கவன் புத்தகத்துல இல்லாதத எதுக்குலே பேசுத? ஒங்க அப்பன் ஒன்னக் கூட்டிட்டு வந்து எங்க வாசல்ல நின்னப்ப, ஹாஸ்டல்ல எடம் வாங்கிக் குடுத்தது யாரு?”

“நீங்கதான். மறக்கல அண்ணாச்சி.”

“மறக்காம இருந்தா சரி. கல்லு வண்டியில ஏறியாச்சு. தாள எடுத்துக்கிட்டு ஐயாவோட வந்து சேரு.”

அவர் சொன்னது பொய் இல்லை. அவர் கடிதம் கொடுத்திராவிட்டால் நான் படித்திருக்க முடியாது. எங்கள் பக்கத்தில் அவர் அப்படிச் சேர்த்துவிட்ட பையன்கள் நிறையப் பேர். அவரைக் கெட்டவராக உங்களுக்குக் காட்டுவது என் நோக்கம் இல்லை. கோவில் ஓடு ஒழுகியதும் நிஜம்தான்.

நானும் குருவானவரும் போய்ச் சேர்ந்தபோது கல்லறைத் தோட்டத்து வாசலில் மாட்டு வண்டி நின்றது. வண்டியில் வைக்கோல் மெத்தை மேல் கல். கருங்கல்லில் முதல் வரி ‘இங்கே இளைப்பாறுகிறார்’, அதற்குக் கீழே பெயர், ஊர், வேத வசனம். வேலிக்கு வெளியே நாலைந்து பேர் கூடியிருந்தார்கள். உள்ளே, உடைமரத்தடியில், மேட்டின் மேல் ஞானப்பூ உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் பசைக் கிண்ணம், மடியில் தட்டு. தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள்.

“எந்திரிட்டீ” என்றார் ஆசீர்வாதம் அண்ணாச்சி.

“ஏன் அண்ணாச்சி? இங்கன நெழலா இருக்கு. வீட்டுல ஒரே புழுக்கம்.”

“கல்லறை மேல உக்காந்து வேல பாக்கியே, நல்லாவா இருக்கு?”

“கல்லறையா? யாரோடது? புத்தகத்துல இங்கன ஒருத்தரும் இல்லைன்னுல்லா சொன்னாவ. வெறும் தரையில உக்காந்தா ஒங்களுக்கு என்ன வருத்தம்?”

வேலிக்கு வெளியே யாரோ சிரித்தார்கள். அண்ணாச்சி திரும்பிப் பார்த்ததும் நின்றுவிட்டது.

“இது அந்த வெள்ளைக்காரப் பிரசங்கியார் எடம்.”

“அப்படியா? அப்பம் அவரே வந்து எந்திரின்னு சொல்லட்டும், எந்திரிக்கேன்.”

வண்டிக்காரர் கூப்பிட்டார்: “அண்ணாச்சி, மாடு நிக்க மாட்டேங்கு. எறக்கவா, வேண்டாமா? ஒண்ணு சொல்லுங்க.”

“இருவே!”

குருவானவர் என் பக்கம் திரும்பினார். வியர்த்திருந்தது. “நீங்க சொல்லுங்க. பதிவேட்டில் என்னதான் இருக்கு?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஞானப்பூ மட்டும் பார்க்கவில்லை, ஒட்டிக்கொண்டிருந்தாள். நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: “ஐயா, அந்த வெள்ளைக்காரர் இந்தத் தோட்டத்துல இருக்கார்னு பதிவேட்டில் இருக்கு. எங்கன்னு இல்லை. இந்த மேட்டில் இருக்கிறது யாருன்னும் இல்லை.”

“கேட்டியளா?” என்றார் அண்ணாச்சி. “ஒண்ணும் இல்ல. கமிட்டி தீர்மானம் இருக்கு. நீ சீட்ட எழுதுலே.”

அந்த நேரத்தில் எனக்கு ஒன்று தோன்றியது. எங்கிருந்து தோன்றியது என்று இன்றும் தெரியாது. ஞானப்பூவிடம் எழுதக்கூடாது என்று சொன்ன அதே காரணம்தான் எனக்கு வழியும் காட்டியிருக்க வேண்டும். புத்தகம் பேசாத இடத்தில் புத்தகத்தின் பெயரால் நான் பேசக்கூடாது. ஆனால் மனிதர்கள் பேசலாம். அவரவர் பெயரில், இன்றைய தேதியில்.

வண்டியின் பின்பலகையில் தாளை வைத்து எழுதினேன். எழுதியதை எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தேன்: “‘உடைமரத்து மூலையில் உள்ள கல்லறை இன்ன மிஷனரியுடையது என்றும், வேறு எவருடையதும் அல்ல என்றும், நான் அறிந்தவரை உண்மையாகச் சொல்கிறேன்.’ கீழ இன்னைக்குத் தேதி போட்டிருக்கேன். அண்ணாச்சி, இது பதிவேட்டுச் சான்று இல்ல. நீங்க சொல்லுதது. நீங்க கையெழுத்துப் போட்டா ஐயா முன்னால நான் கோப்புல வச்சுக்கிடுதேன். வெள்ளைக்காரருக்கும் இதக் காட்டலாம்.”

பேனாவை நீட்டினேன். வாங்கிக்கொண்டார். தாளைப் படித்தார். ‘வேறு எவருடையதும் அல்ல’ என்ற இடத்தில் அவருடைய விரல் நின்றது. வாசிக்கத் தெரியாதவரைப் போல அங்கேயே நின்றது.

என்னிடம் கையெழுத்துக் கேட்டவர்தான் அவர். எனக்கு அந்த மண்ணுக்கு அடியில் இருப்பது யாரென்று நேரடியாகத் தெரியாது. நான் போடும் கையெழுத்து என் அறியாமைக்குப் போடுவது. அவருக்குத் தெரியும்.

ஞானப்பூ தட்டைக் கீழே வைத்தாள். “எனக்கும் ஒரு தாள் எழுது தம்பி” என்றாள். “இங்கன கெடக்கது எம்புருசன், எடத்தக் காட்டினது ஆசீர்வாதம் அண்ணாச்சின்னு எழுது. எனக்குக் கையெழுத்துத் தெரியும். பய சொல்லிக் குடுத்திருக்கான்.”

எழுதினேன். மேட்டிலிருந்து எழுந்திருக்காமலே கையை நீட்டித் தாளை வாங்கி, தொடையில் வைத்துக் கையெழுத்துப் போட்டாள். எழுத்தெல்லாம் பெரிது பெரிதாக இருந்தது. ஓரத்தில் பசை ஒட்டிக்கொண்டது.

ஆசீர்வாதம் அண்ணாச்சி தன் தாளில் கையெழுத்துப் போடவில்லை. பேனாவை மூடி என்னிடம் கொடுத்தார். வண்டிக்காரரைப் பார்த்து, “கோவிலுக்கு ஓட்டும்வே” என்றார். பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் ஆராதனை முடிந்து அந்த இங்கிலாந்துக்காரரையும் அவர் மனைவியையும் தோட்டத்துக்குக் கூட்டிப் போனோம். நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. என் ஆங்கிலம் புத்தகத்தில் படித்த ஆங்கிலம். இவர் இங்கே அடக்கமானது நிச்சயம், இடம் எங்களுக்குத் தெரியாது என்றேன். அவருக்கு முகம் விழுந்துபோயிற்று. அதை மறைக்காமல் சொல்கிறேன். அவ்வளவு தூரம் வந்தவர். அந்த அம்மாள் கையில் பூ வைத்திருந்தார், எங்கே வைப்பதென்று தெரியாமல்.

திரும்பி வரும்போது, கோவில் சுவரோரம் சாய்த்து வைத்திருந்த கல்லை அந்த ஆசிரியர் பார்த்துவிட்டார். இது என்ன என்று கேட்டார். ஆசீர்வாதம் அண்ணாச்சி பக்கத்தில்தான் நின்றார். நான் அண்ணாச்சியைப் பார்த்தேன். “சொல்லு. என்னத்த மறைக்க?” என்றார். இடம் தெரிந்துவிட்டது என்று நினைத்துச் செய்த கல், பிறகு நிச்சயமில்லை என்று தெரிந்தது, என்று மொழிபெயர்த்தேன்.

முதல் வரிக்கு என்ன அர்த்தம் என்று அவர் கேட்டார். சொன்னேன். கல்லைத் தடவிப் பார்த்தார். பிறகு அவர் சொன்னதைக் குறித்துக்கொள்ளுங்கள். அவர்கள் ஊர்க் கோவில் சுவரில் பதித்திருக்கும் கற்களில் பாதிக்கு அடியில் யாரும் கிடையாதாம். மீன்பிடிக்கப் போய்க் கடலோடு போனவர்கள். உடல் கிடைக்காது. கோவில் சுவரில் பெயரை மட்டும் வெட்டி வைப்பார்களாம், இங்கே என்ற சொல் இல்லாமல். அதே போல, யாரென்று தெரியாத பிணங்கள் கரை ஒதுங்கும். அவர்களுக்கு இடம் இருக்கும், பெயர் இருக்காது. பெயர் இருந்து இடம் இல்லாதவர்களையும், இடம் இருந்து பெயர் இல்லாதவர்களையும் ஒன்றாகச் சேர்த்துவிடக் கூடாது என்பதுதான் அவருக்கு முன்னால் அந்த வேலையைப் பார்த்தவர் சொல்லிக் கொடுத்த முதல் பாடமாம். முதல் வரியை மட்டும் எடுத்துவிட்டுக் கல்லைச் சுவரில் பதிக்க முடியுமா என்று கேட்டார்.

இதை நான் தமிழில் சொன்னபோது ஆசீர்வாதம் அண்ணாச்சி கேட்டுக்கொண்டிருந்தார். “கடலுக்குப் போறவனுக்கு அப்படித்தான்” என்றார். அவர்கள் காணிக்கைத் தட்டில் எல்லோரையும் போலப் போட்டுவிட்டுப் போனார்கள். ஓட்டுக்கு என்று ஒன்றும் தரவில்லை. அவர்களிடம் யாரும் கேட்கவும் இல்லை. அடுத்த மழைக்கும் பாட்டுப் புத்தகங்கள் மடியில்தான் இருந்தன.

அடுத்த கமிட்டியில் ஞானப்பூவின் தாளைக் குருவானவர் வாசித்தார். இந்த முறை அவளைக் கூப்பிட்டிருந்தோம், கதவோரம் நின்றாள். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை. இதில் உங்கள் பெயர் இருக்கிறதே செயலாளரே, என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டார் குருவானவர்.

“எடத்தக் காட்டினது நாந்தான்” என்றார் ஆசீர்வாதம் அண்ணாச்சி. “எழுதிக்கிடுங்க.”

பழைய பதிவேட்டைத் தொடவில்லை. அன்றைய தேதியில் கமிட்டி நடவடிக்கைக் குறிப்பில் எழுதினேன்: உடைமரத்து மூலையில் உள்ளது இன்னாருடைய கல்லறை; சாட்சி, மனைவி ஞானப்பூ, செயலாளர் ஆசீர்வாதம். வேறு ஏதாவது உண்டா என்று குருவானவர் கேட்டபோது ஞானப்பூ, “தெக்க ஒரு ஆள் கெடக்க எடம் இருக்கு. அத யாருக்கும் குடுத்துராதிய” என்றாள். அதையும் எழுதினேன். அண்ணாச்சி கையெழுத்துப் போட்டார். என்னிடம் அதன் பிறகு முன்போல அதிகம் பேசுவதில்லை. ஆனால் என் அரசாங்க வேலைக்கு நன்னடத்தைச் சான்று கேட்டுப் போனபோது உடனே எழுதிக் கொடுத்தார்.

கல்லைச் சங்கரன்கோவிலுக்குத் திரும்பக் கொண்டுபோனோம். எழுத்து வெட்டுவது லேசு, எடுப்பதுதான் பாடு என்றார் கல் வேலை செய்பவர். ஒரு வரியை அழிக்க வேண்டுமென்றால் அந்த ஆழத்துக்கு முகப்பு முழுவதையும் இறக்கி, மற்ற வரிகளை மறுபடி வெட்ட வேண்டும். கல்லின் விலை, முதல் தடவை எழுத்து வெட்டிய கூலி, முகப்பை இறக்கிய கூலி, இரண்டாம் தடவை வெட்டிய கூலி, மாட்டு வண்டி மூன்று நடை, சுவரில் பதித்த கொத்தனார் கூலி, சிமிண்டு, எல்லாம் சேர்த்து ‘இங்கே இளைப்பாறுகிறார்’ என்ற அந்த ஒரு வரியால் சேகரத்துக்கு ஆன செலவு நானூற்றுப் பன்னிரண்டு ரூபாய்.